வெறுந்தண்ணீர் நோட்டு

எங்கள் ஆய்வகத்தில் அழிப்பான் கிடையாது. பென்சில் கிடையாது. சட்டைப்பையில் பென்சில் வைத்துக்கொண்டு வருபவரை எங்கள் மேடம் திருட்டுத்தனமாக சிகரெட் பிடிக்கிற பள்ளிப் பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்ப்பார். நீல மையில்தான் எழுத வேண்டும். தப்பாகிப் போனால் அளவுகோல் வைத்து அதன் மேல் ஒரே ஒரு கோடு. பக்கத்தில் சரியான எண், தேதி, கையெழுத்து.

"அடிச்சதுக்கு அப்புறமும் கீழ இருக்கறது படிக்க வரணும்" என்பார். "தப்பு பண்றது குத்தமில்ல. மறைக்கறதுதான் குத்தம்."

முதுகுக்குப் பின்னால் அவருக்கு ஒற்றைக்கோடு என்று பெயர் வைத்திருந்தோம். அது அவருக்கும் தெரியும். வீட்டில் கணவர் எழுதும் மளிகைப் பட்டியலில்கூட எழுத்துப்பிழைக்கு ஒற்றைக்கோடு போட்டுக் கையெழுத்திடுவார் என்று ஒரு கதை ஓடிக்கொண்டிருந்தது. கதைதான் என்று நினைத்திருந்தேன். ஒருநாள் அவர் கைப்பையிலிருந்து அப்படி ஒரு பட்டியல் கீழே விழுந்தது. சர்க்கரை என்ற சொல்லுக்குப் பக்கத்தில் தேதியோடு கையெழுத்து.

அவருடைய அப்பா கடைத் தராசுகளைச் சோதித்து முத்திரை குத்தும் வேலையில் இருந்தவர். வீட்டில் இரும்பு எடைக்கற்களோடு விளையாடி வளர்ந்த பெண். இருபத்து நான்கு வயதில் இங்கே சேர்ந்தபோது, இந்த ஆய்வகத்தில் கால் வைத்த முதல் பெண்ணும் அவர்தான். அப்போது இதை நடத்தியவர் பெரிய சார். அவர் படம் இன்னும் தராசு மேஜைக்கு மேலே மாட்டியிருக்கிறது. கோபமாகவே நின்று எடுத்துக்கொண்ட படம். "எல்லாம் பெரிய சார் சொல்லிக் குடுத்தது" என்று மேடம் சொல்வார். ஒற்றைக்கோட்டையும் சேர்த்துத்தான் சொல்வார். நாங்களும் நம்பினோம்.

ஊர் குடிக்கிற தண்ணீரைச் சோதிப்பது எங்கள் வேலை. நீரேற்று நிலையத்துக்குப் பின்னால் மூன்று அறைகள். முதல் அறையில் புட்டிகள் வந்து இறங்கும். இரண்டாவதில் பாத்திரம் கழுவும் அமிலத் தொட்டியும் சுத்தத் தண்ணீர் எந்திரமும். மூன்றாவதில் ஈயத்தை அளக்கும் கருவி. பழைய குழாய்களிலிருந்து தண்ணீரில் ஈயம் இறங்கும். பத்து என்ற எண்ணைத் தாண்டினால் ஆபத்து. எங்கள் ஊரில் அது ஒருநாளும் மூன்றைத் தாண்டியதில்லை. அதில் எங்களுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

எதையும் அளப்பதற்கு முன்னால், ஒன்றுமே இல்லாத தண்ணீரை அளக்க வேண்டும். அதற்கு நாங்கள் வைத்த பெயர் வெறுந்தண்ணீர். குழாய்த் தண்ணீரைத்தான் எந்திரம் வடிகட்டி, அதிலுள்ள உப்பையும் உலோகத்தையும் உறிஞ்சிக்கொண்டு தரும். அதைக் கருவியில் விட்டு, காட்டுகிற எண்ணை ஒரு தனி நோட்டில் எழுதி, இதுதான் பூஜ்யம் என்று கருவிக்குச் சொல்ல ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். அதற்குப் பிறகுதான் ஊர்த் தண்ணீர். வெறுந்தண்ணீரின் எண் இரண்டுக்குள் இருக்க வேண்டும். கூடினால் பாத்திரம் அழுக்கு, இல்லாவிட்டால் அளக்கிறவர் கை அழுக்கு. போய்க் கழுவிவிட்டு மறுபடி அளக்க வேண்டும்.

இந்த வேலை எப்போதும் கடைசியாகச் சேர்ந்தவருக்குத்தான். பெரிய சார் மேடத்துக்குக் கொடுத்தார், மேடம் எனக்குக் கொடுத்தார். "ஒண்ணுமில்லாதத ஒழுங்கா அளக்கத் தெரிஞ்சவங்கதான் இருக்கறத அளக்கலாம்" என்று சொல்லி நோட்டை இரண்டு கையாலும் தந்தார். எனக்குப் புல்லரித்துவிட்டது. அன்றிரவே அந்த வாக்கியத்தை டைரியில் எழுதி வைத்தேன். ஏழு மாதம் கழித்து அடுத்த ஆள் சேர்ந்ததும், நோட்டை அவர் தலையில் கட்டிவிட்டு அப்பாடா என்று அடுத்த மேஜைக்கு நகர்ந்தேன். பிறகு அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. கத்துக்குட்டியின் நோட்டை யார் பார்ப்பார்கள்? மாதக் கடைசியில் மேடம் மட்டும் புரட்டுவார். கோடுகளை அளவுகோல் வைத்துப் போட்டிருக்கிறதா, கையெழுத்து இருக்கிறதா என்று பார்ப்பார். எண்களைப் பார்த்ததில்லை.

எந்திரத்தின் முகப்பில் ஒரு சிவப்பு விளக்கு உண்டு. வடிகட்டி தீர்ந்துபோனால் எரிய வேண்டும். நான் சேர்ந்த காலத்திலேயே அதில் பல்பு இல்லை. வருடம் ஒருமுறை மெக்கானிக் வந்து வடிகட்டியை மாற்றிவிட்டுப் போவார். விளக்கு எரியாததால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று எடுத்துக்கொண்டோம்.

என் மூன்றாவது மாதத்தில் ஒருநாள் வெறுந்தண்ணீர் இருபத்திரண்டு காட்டியது. மேடத்திடம் ஓடினேன்.

"கழுவும்மா" என்றார், தலையை நிமிர்த்தாமல்.

கழுவினேன். இருபத்தொன்று. மறுபடி கழுவினேன். இருபத்திரண்டு. அமிலத்தில் விரல் நுனியெல்லாம் தோல் உரிந்தது. மணி பத்தாகப் போகிறது, அந்தப் பக்கம் ஊர்ப் புட்டிகள் வரிசையாக நிற்கின்றன. என் கைதான் சரியில்லை என்று முடிவு செய்தேன். இந்த வேலைக்கே நான் லாயக்கில்லை என்று ஒரு குரல் உள்ளே சொல்லிக்கொண்டிருந்தது. இருபத்திரண்டின் மேல் ஒரு கோடு போட்டேன், அளவுகோல் வைத்து. பக்கத்தில் 2 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எப்படியும் பொத்தானை அழுத்தினால் கருவி எல்லாவற்றையும் பூஜ்யம் என்றுதானே எடுத்துக்கொள்ளப் போகிறது, யாருக்கு என்ன நஷ்டம் என்று என்னையே தேற்றிக்கொண்டேன். அந்த ஏழு மாதத்தில் முப்பத்தொரு தடவை அப்படிச் செய்தேன். பதினாறு வருடம் யாரிடமும் வாய் திறக்கவில்லை.

இனி என் தங்கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆய்வகத்துக்கு எதிரே உள்ள ஆரம்பப் பள்ளியில் டீச்சர். வாயாடி. பள்ளி விட்டதும் நேரே என் மேஜைக்கு வந்து பிள்ளைகளைப் பற்றிப் புலம்புவாள். "இப்ப வர்றதுங்களுக்கு பத்து தடவை சொன்னாலும் மண்டையில ஏற மாட்டேங்குதுக்கா. முன்னாடி இப்படி இல்ல." எந்தக் காலத்து டீச்சர் இதைச் சொல்லவில்லை என்று கிண்டல் செய்வேன்.

கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்து அவளுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. தாய்ப்பால் போதவில்லை, பால்பவுடர்தான். கடைத் தண்ணீர் வாங்கிக் கலக்கட்டுமா என்று என்னிடம் கேட்டாள்.

"எதுக்குடி காசக் கரியாக்கற? நம்ம தண்ணிய நான் பாக்கறேன். தைரியமாக் குடு."

சான்றிதழில் போடுகிற கையெழுத்தைவிடக் கெட்டியாகச் சொன்னேன்.

ஒன்பதாம் மாதம் வரை குழந்தை நன்றாக இருந்தது. பிறகு முகம் வெளுக்க ஆரம்பித்தது. சாப்பாட்டைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டது. உட்கார வைத்தால் சரிந்து விழுந்தது. கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க நேரமெடுத்தது. ஏதோ கிருமி என்று நினைத்தேன். "தண்ணிய இன்னும் நல்லா கொதிக்க விடு" என்று தங்கைக்கு அறிவுரை சொன்னேன். ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா, ஈயம் இருபத்து நான்கு என்றார். ஐந்தைத் தாண்டினாலே நாங்கள் கவலைப்படுவோம் என்றும் சொன்னார். வீட்டில் பழைய பெயின்ட் இருக்கிறதா, பொம்மை என்ன வாங்கினீர்கள், தண்ணீர் எப்படி என்று கேட்டார்.

"தண்ணிய எங்கக்காதான் டெஸ்ட் பண்றா" என்றாள் தங்கை, பெருமையாக.

வெறி பிடித்தவள் மாதிரி சோதித்தேன். ஜன்னல் பெயின்டைச் சுரண்டினேன். கிலுகிலுப்பையை உடைத்தேன். பால்பவுடர், தொட்டில் கம்பி, என் தங்கையின் வளையல் எதையும் விடவில்லை. எதிலும் ஒன்றுமில்லை. அவள் வீட்டுக் குழாய்த் தண்ணீரையும் பார்த்தேன். மூன்று. அந்தத் தாளில் நானே கையெழுத்துப் போட்டு டாக்டரம்மாவுக்கு அனுப்பினேன்.

அதற்கு மறுவாரம், ஒரு செவ்வாய்க்கிழமை, சுத்தத் தண்ணீர் எந்திரத்தின் மோட்டார் எரிந்துபோனது. வேலை நிற்கக் கூடாதே என்று பக்கத்து ஊர்க் கல்லூரி ஆய்வகத்திலிருந்து ஒரு கேன் சுத்தத் தண்ணீர் கேட்டு வாங்கினோம். எங்களிடம் சேர்ந்து நான்கு மாதமான புதுப்பொண்ணு அதை வெறுந்தண்ணீராக வைத்து அளந்தாள். துள்ளிக்கொண்டு என்னிடம் வந்தாள். அவளுக்கு நானும் மேடம்தான்.

"மேடம், ஒண்ணுதான் காட்டுது. இன்னிக்கு முதல் தடவையே வந்துடுச்சு."

நல்லது என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். கேட்டது வேறு.

"மத்த நாள்ல?"

அவள் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றது. நான் கேட்டது புரிந்ததும் கண் கலங்கிவிட்டது. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். அந்த விரல்களை நான் முன்பே பார்த்திருக்க வேண்டும்.

நானே போய்க் கருவியில் உட்கார்ந்தேன். ஊர்த் தண்ணீரை விட்டேன். அறுபத்தொன்று. வேறு தெருப் புட்டியை விட்டேன். ஐம்பத்தொன்பது. தங்கை வீட்டுப் புட்டி அறுபத்தொன்று. பிறகு எங்கள் எந்திரத்தின் தொட்டியில் மிச்சமிருந்த சுத்தத் தண்ணீரிலிருந்து ஒரு சொட்டு எடுத்துக் கருவியில் விட்டேன். ஐம்பத்தெட்டு.

வடிகட்டி செத்து எத்தனை காலம் ஆகியிருந்ததோ. ஒரு காலத்தில் வருடம் முழுக்க உழைத்தது, தண்ணீர் கெடக் கெட மாதக் கணக்கில், வாரக் கணக்கில் தீர்ந்திருக்கிறது. மெக்கானிக் என்னவோ வருடத்துக்கு ஒருமுறைதான் வந்தார். ஊர்த் தண்ணீரைத்தான் நாங்கள் தினமும் வெறுந்தண்ணீர் என்று வைத்து, அதை ஊர்த் தண்ணீரிலிருந்தே கழித்துக்கொண்டிருந்தோம். மிச்சம் மூன்று வந்தது. வருடம் ஒருமுறை மேலிடத்திலிருந்து எங்களைச் சோதிக்க வரும், ஈய அளவு அவர்களுக்கு மட்டும் தெரிந்த பொடியையும் அந்தத் தண்ணீரில்தான் கரைத்து அளந்தோம். ஒவ்வொரு வருடமும் தேறினோம்.

தங்கைக்குப் போன் போட்டேன்.

"அந்தத் தண்ணிய நிறுத்து. கொழந்தைக்குக் குடுக்காத. இப்பவே கொட்டிடு."

"ஏன்க்கா? நீ சொன்ன மாதிரிதான் கொதிக்க விடறேன். பாதியா சுண்டற வரைக்கும் விட்டு, ஆற வெச்சுத்தான் கலக்கறேன்."

கொதித்தால் தண்ணீர்தான் ஆவியாகப் போகும். ஈயம் போகாது. பாதியாகச் சுண்டினால் இரண்டு மடங்கு. பள்ளிக்கூடப் பிள்ளைக்குத் தெரிகிற கணக்கு இது. அதை அவளிடம் சொல்லிவிட்டேன். அவள் போனை வைத்துவிட்டாள்.

பழைய பீரோவைத் திறந்து வெறுந்தண்ணீர் நோட்டுகள் ஒன்பதையும் மேஜையில் பரப்பினேன். ஒவ்வொரு நோட்டிலும் ஒவ்வொரு கையெழுத்து. முதல் நோட்டு மேடத்துடையது, அதை மட்டும் திறக்காமல் வைத்தேன். மற்ற எட்டிலும் பக்கத்துக்குப் பக்கம் சுத்தமான, நேரான கோடுகள். கோட்டுக்குப் பக்கத்தில் 2, 2, 1, 2. கோட்டுக்குக் கீழே இருந்ததை முதல் தடவையாகப் படித்தேன். ஒன்பது. பதினான்கு. என் நோட்டில் இருபத்திரண்டு. எனக்குப் பிறகு வந்தவளிடம் முப்பத்தைந்து. அதற்கடுத்தவனிடம் நாற்பத்தொன்று. புதுப்பொண்ணிடம் ஐம்பத்தெட்டு, வாரத்தில் ஐந்து நாளும். ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை. ஒவ்வொருவரும் தன் கைதான் அழுக்கு என்று நம்பியிருக்கிறோம். எனக்கு அழுகைக்கு முன்னால் கோபம்தான் வந்தது, யார் மேல் என்று தெரியாத கோபம்.

நோட்டுகளைத் தூக்கிக்கொண்டு மேடத்தின் அறைக்குப் போனேன். அந்த வெள்ளிக்கிழமை அவர் ஓய்வு பெறுகிறார். கேக்குக்குச் சொல்லியாகிவிட்டது. அலமாரியைக் காலி செய்துகொண்டிருந்தார்.

"மேடம், இதக் கொஞ்சம் பாருங்க. கோட்டப் பாக்க வேணாம். கீழ இருக்கற எண்ணப் பாருங்க."

கல்லூரிக் கேன் முதல் தங்கை போனை வைத்தது வரை எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒன்பதாவது நோட்டிலிருந்து பின்னோக்கிப் புரட்டினார். என் நோட்டில் ஒரு பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றார். கடைசியாக முதல் நோட்டு மிஞ்சியது, அவருடையது. அதன் மேல் கையை வைத்தார், திறக்கவில்லை.

"இதுல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும்."

"எவ்வளவு மேடம்?"

"ஆறு. ஒரே ஒரு நாள்." மேஜையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "பெரிய சார் ரெண்டு தடவை கழுவச் சொன்னாரு. மூணாவது தடவை போய் நிக்க பயம். பொம்பளப் புள்ளைய வேலைக்கு எடுத்ததே தப்புன்னு ஏற்கனவே பேச்சு இருந்துச்சு. என் கைதான்னு நெனச்சேன். அடுத்த வாரம் வடிகட்டி மாத்தினாங்க, சரியாப் போச்சு."

"அப்ப ஒத்தக்கோடு பெரிய சார் சொல்லிக் குடுத்தது…"

"அவரு சுரண்டிட்டு எழுதுன்னுதான் சொல்வாரு. எனக்கு சுரண்ட மனசு வரல. என்னிக்காவது யாராவது படிக்கட்டும்னு கோடு மட்டும் போட்டேன். அப்புறம் எல்லாருக்கும் அதையே சொல்லிக் குடுத்தேன். படிக்கணும்னு சொல்லிக் குடுக்கல." கண்ணாடியைக் கழற்றினார். "நீ ஏன் எங்கிட்ட வந்து சொல்லல?"

"சொன்னேன் மேடம். கழுவும்மான்னீங்க."

அவர் எழுந்து ஜன்னலருகே போய் நின்றார். எதிரே பள்ளிக்கூடத்தில் இடைவேளை மணி அடித்திருந்தது. குழாயடியில் பிள்ளைகள் தள்ளுமுள்ளு போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"வெள்ளிக்கிழமை நான் போயிடறேன்" என்றார் மெதுவாக. "திங்கக்கிழமை நீ சொல்லலாமா?"

இந்தப் பதினாறு வருடத்தில் அவர் யாரிடமும் எதையும் கெஞ்சிக் கேட்டு நான் பார்த்ததில்லை, கேள்விப்பட்டதுமில்லை. எனக்கு அவர்மேல் அவ்வளவு பிரியம் இருந்தது. சரி என்று சொல்லிவிடுவேனோ என்று பயமாகவும் இருந்தது.

"தங்கச்சி கொழந்தைக்கு எவ்வளவு?"

"இருபத்தி நாலு."

குழாயடியில் ஒரு சின்னப் பெண் குனிந்து கைக்குழியில் பிடித்துக் குடித்துக்கொண்டிருந்தாள். மேடம் அவள் குடித்து முடிக்கும் வரை பார்த்தார். பிறகு நாற்காலியில் வந்து உட்கார்ந்து நீலப் பேனாவை எடுத்தார். நகர நிர்வாகத்துக்கு இரண்டு பக்கம் எழுதினார். அளந்தது என்ன, எங்கே தவறினோம், எத்தனை வருடம், யார் யார் கையெழுத்து. முதல் பெயர் அவருடையது, மூன்றாவது என்னுடையது. ஓரிடத்திலும் அடித்தல் இல்லை.

கடிதத்தை நாங்கள் இருவரும் நேரில் கொண்டுபோய்க் கொடுத்தோம். அதிகாரி படித்தார். ஏசியைக் கூட்டி வைத்தார். "எடுத்தோம் கவுத்தோம்னு சொல்லிட முடியாதும்மா. ஊரே கலவரமாயிடும். வெளியில ஒரு ஆய்வகத்துக்கு அனுப்பி உறுதி பண்ணிக்குவோம். ரெண்டு வாரம் ஆகும். அது வரைக்கும் வெளிய பேச வேணாம்."

"ரெண்டு வாரமும் தண்ணி வரும்ல?" என்று மேடம் கேட்டார்.

"தண்ணிய எப்படிம்மா நிறுத்தறது?"

அன்று சாயங்காலம் ஓய்வுபெற மூன்று நாள் இருக்கிற பெண்மணி கையில் கட்டுக்கம்பியோடு எதிர்ப் பள்ளிக்குப் போய், வாட்ச்மேன் கத்தக் கத்த ஒவ்வொரு குழாயாக முறுக்கிக் கட்டினார். நான் இடுக்கியைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தேன். பள்ளியில் ஆறு குழாய்கள். ஊரில் எத்தனை என்று இருவரும் எண்ணிப் பார்க்கவில்லை. மறுநாள் காலையில் அதிகாரி ஆள் அனுப்பிக் கம்பிகளை அவிழ்த்துவிட்டார். மேடத்தை அன்றைக்கே விடுப்பில் போகச் சொன்னார்கள். கேக் வந்து, யாரும் வெட்டாமல் முதல் அறையில் கிடந்தது.

மோட்டாரைச் சரிசெய்துவிட்டார்கள். வடிகட்டி அதே பழையதுதான். புதுப்பொண்ணு வழக்கம்போல வெறுந்தண்ணீரை அளந்தாள். நோட்டைத் திறந்து, பேனாவை எடுத்து, அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"என்ன காட்டுது?"

"அம்பத்தெட்டு மேடம். நான் போய் இன்னொரு தடவை கழுவிட்டு…"

"உன் கை சுத்தமாத்தான் இருக்கு. எழுது."

எழுதினாள். இரண்டைத் தாண்டியும் கோடு போடாமல் விட்ட எண் அது ஒன்றுதான், ஒன்பது நோட்டிலும். அவள் எழுதி முடித்ததும் நானும் பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன்.

மதியம் தங்கையின் கணவர் போன் செய்தார். அவள் என்னிடம் பேச மாட்டேன் என்றிருக்கிறாள். குழந்தையை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். ரத்தத்திலிருப்பதை மருந்து கொடுத்து இறக்கிவிடலாமாம். மூளைக்குப் போனது எவ்வளவு என்று இப்போது சொல்ல முடியாதாம், பள்ளிக்கூடம் போகிற வயதில்தான் தெரியுமாம். நான் சரி சரி என்றேன். பின்பக்கம் நீரேற்று மோட்டார் வழக்கமான நேரத்துக்கு ஓட ஆரம்பித்தது.